சுவரில் தொங்கும் சான்றிதழின் கதை

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் நிறைந்த அடுக்ககங்களில் குழந்தைகள் காப்பகம் என்பது தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு போல அன்றாட விஷயமாகிவிட்டது. சில இடங்களில் வளாகத்துக்குள்ளேயே தரைத்தள வீடொன்றில் கிரச் நடக்கிறது. சில இடங்களில் அடுத்த தெருவில் பிளே ஸ்கூல் இருக்கிறது. குடியிருப்போர் கூட்டங்களில் இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு எழும். "சத்தம், வண்டி நெரிசல், வெளியாள் நடமாட்டம்; வளாகத்துக்குள் இதெல்லாம் வேண்டாம்" என்பார்கள் சிலர். "பக்கத்திலேயே இருப்பதால்தான் நிம்மதியாக ஆபீஸ் போக முடிகிறது" என்பார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பும் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. அந்த இடத்துக்கு லைசென்ஸ் இருக்கிறதா? இருந்தால், எதையெல்லாம் பார்த்துக் கொடுத்தார்கள்?

தமிழ்நாட்டில் சிறு குழந்தைகளுக்கான பள்ளி நடத்த விரும்புகிறவர் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. "பத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இத்தனை காகிதமா?" என்று அவர் அலுத்துக்கொண்டால் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் காகிதங்களில் பெரும்பாலானவை யாரோ அதிகாரி மேசையில் உட்கார்ந்து யோசித்து எழுதியவை அல்ல. ஏதோ ஓர் ஊரில் குழந்தைகள் இறந்த பிறகு, அல்லது நோயுற்ற பிறகு, எழுதப்பட்டவை. அந்தக் கதைகளைத் தெரிந்துகொண்டால் எந்தக் காகிதத்தை ஏன் கேட்கிறோம் என்பது புரியும். காகிதம் இருந்தும் எது போதாமல் போகும் என்பதும் புரியும்.

லண்டன், 1870: பதிவேடு வந்த விதம்

காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற எண்ணம் இங்கிலாந்தில் சட்டமானதற்கு ஒரு கொலை வழக்கு காரணம். அந்தக் காலத்தில் லண்டன் பத்திரிகைகளில், 'குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்க்கிறோம்' என்று சிறு விளம்பரங்கள் வரும். திருமணமாகாத தாய்மாரும், வீட்டு வேலைக்குப் போக வேண்டிய ஏழைப் பெண்களும் ஒரு தொகையைக் கொடுத்துக் கைக்குழந்தையை ஒப்படைத்துவிடுவார்கள். குழந்தை எவ்வளவு சீக்கிரம் இறக்கிறதோ அவ்வளவு லாபம் என்று கணக்குப் போட்ட கொடியவர்களும் இந்தத் தொழிலில் இருந்தார்கள். லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் மார்கரெட் வாட்டர்ஸ் என்ற பெண்ணின் வீட்டைப் போலீசார் சோதித்தபோது, அபின் மருந்தால் மயங்கி, பட்டினியால் எலும்பும் தோலுமாகக் கிடந்த குழந்தைகளைக் கண்டார்கள். 1870 அக்டோபரில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இரண்டு ஆண்டுகளில், 1872இல், குழந்தை உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு வயதுக்குட்பட்ட ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை 24 மணி நேரத்துக்கு மேல் கூலிக்கு வைத்துப் பார்ப்பவர் தன் வீட்டை உள்ளாட்சியில் பதிய வேண்டும். எத்தனை குழந்தைகளை வைத்துக்கொள்ளலாம் என்பதை உள்ளாட்சி சொல்லும். வரும் குழந்தையின் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். குழந்தை இறந்தால் மரண விசாரணை அதிகாரிக்குத் தகவல் தர வேண்டும். இன்று நாம் கிரச்சில் பார்க்கும் வருகைப் பதிவேடு, 'அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை' என்ற வரி இரண்டும் அந்தச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்தன.

ஆனால் அந்தச் சட்டத்தில் பெரிய ஓட்டைகளும் இருந்தன. ஒரே ஒரு குழந்தையை வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது. பகல் நேரம் மட்டும் பார்த்துக்கொள்பவருக்கும் பொருந்தாது. உழைக்கும் பெண்களுக்கு இருக்கும் ஒரே உதவியையும் கெடுபிடியால் கெடுத்துவிடுவார்கள் என்று அந்நாளைய பெண்ணுரிமை இயக்கத்தினரே மசோதாவை எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பதிவு செய்யாத வீடுகளைத் தேடிப் போய்ப் பார்க்க யாரும் இல்லாததால் கொடுமை தொடர்ந்தது. 1896இல் அமேலியா டயர் என்ற இன்னொரு பெண் தூக்கிலிடப்பட்டார். தேம்ஸ் நதியில் குழந்தைகளின் உடல்கள் மிதந்த வழக்கு அது. மறு ஆண்டு வந்த திருத்தப்பட்ட சட்டம், உள்ளாட்சி தானே தேடிப் போய்ச் சோதிக்க வேண்டும் என்றது. பகல்நேரக் காப்பகங்களுக்கும், வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்குமான பதிவுச் சட்டம் இங்கிலாந்தில் 1948இல்தான் வந்தது. முதல் சட்டத்துக்கும் அதற்கும் இடையே 76 ஆண்டுகள்.

பாரிஸ் முதல் பம்பாய் வரை: தொட்டிலும் அபினும்

'கிரச்' என்று நாம் சொல்லும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி என்று பொருள். ஏசு பிறந்ததும் கிடத்தப்பட்ட தொட்டிக்கும் அதே சொல்தான். 1844 நவம்பரில் ஃபிர்மின் மார்போ என்பவர் பாரிஸில் முதல் கிரச்சைத் திறந்தார். இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு அறநிலையங்கள் இருந்தன. கைக்குழந்தையோடு வேலைக்குப் போகும் தாய்க்கு மட்டும் எதுவும் இல்லை என்பதைக் கவனித்து அவர் செய்த ஏற்பாடு அது. தாய்மார் நடுவில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். நோயுள்ள குழந்தையைச் சேர்ப்பதில்லை. மருத்துவர்கள் வந்து பார்ப்பார்கள்.

இந்தியாவில் கதை ஆலைகளில் தொடங்குகிறது. பம்பாய் பஞ்சாலைகளில் வேலை பார்த்த பெண்களின் நிலையை 1920களின் தொடக்கத்தில் ஆராய்ந்த டாக்டர் பார்ன்ஸ் என்ற பெண் மருத்துவர், அவர்களின் கைக்குழந்தைகளில் 98 சதவீதம் பேருக்கு அபின் கொடுக்கப்படுவதாக எழுதினார். அந்தத் தாய்மாரைப் பழிக்க வழியில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை; குழந்தை அழுதால் வேலை போய்விடும். அதனால் ஒரு சிறு உருண்டையைக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு இயந்திரத்தின் முன் நின்றார்கள்.

1931இல் வெளியான அரசத் தொழிலாளர் கமிஷன் அறிக்கை, பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் கிரச் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாடு விடுதலை பெற்ற பிறகு வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்கியது. 50 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது சட்டம். 1976இல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. போதிய இடம், வெளிச்சம், காற்றோட்டம், சுத்தம், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பு ஆகியவற்றைச் சட்டமே பட்டியலிட்டது. துணி மாற்றும் வசதி, பால், தாய் வந்து பாலூட்ட இடைவேளை ஆகியவற்றுக்கு மாநில அரசு விதி செய்யலாம் என்றும் சொன்னது. தேயிலைத் தோட்டங்களுக்கு 1951இல் தனிச் சட்டம் வந்தது.

அலுவலகங்களில் வேலை பார்ப்போருக்கு இந்த உரிமை வர இன்னும் வெகுகாலம் ஆனது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் கிரச் வசதி தர வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் திருத்தம் வந்தது 2017இல்தான். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றது அந்தத் திருத்தம். 1844இல் பாரிஸ் தாய்மார் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

மதுரையும் கும்பகோணமும்

இனி நம் ஊருக்கு வருவோம். சுவரில் தொங்கும் சான்றிதழ்களில் கட்டட உரிமம் என்ற ஒன்று உண்டு. அதற்கு அடிப்படை 1965ஆம் ஆண்டின் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம். அதற்கு முந்தைய ஆண்டு, 1964 ஏப்ரலில், மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியின் கட்டடம் இடிந்து விழுந்து முப்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள் இறந்தார்கள். பலர் கூடும் கட்டடத்தின் உறுதியைத் தகுதியுள்ள பொறியாளர் பார்த்துச் சான்று தர வேண்டும், அதன் பேரில் உரிமம் வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு நம் மாநிலத்தில் இவ்வளவு பழையது. வயதானவர்கள் சிலருக்கு அந்த மதுரை விபத்து இன்னும் நினைவில் இருக்கும்.

கும்பகோணத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. 2004 ஜூலை 16ஆம் தேதி, காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் இயங்கிய பள்ளிகளில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். மதிய உணவு சமைக்கும் இடத்தில் பிடித்த தீ, கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடி வகுப்பறைக்கு மேலே கீற்று. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. எரிந்த கீற்று பிள்ளைகள் மேலேயே விழுந்தது. அவர்கள் எல்லாரும் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கீற்று எரியும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா? சமையலறையும் வகுப்பறையும் ஒட்டி இருப்பதை, படிக்கட்டு குறுகலாக இருப்பதை, மூன்று பள்ளிகளின் பிள்ளைகள் ஒரே கட்டடத்தில் இருப்பதை அதுவரை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். தினமும் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவர்கள், சான்று கொடுக்க வந்தவர்கள், அக்கம்பக்கத்தார் என்று எல்லாரும் பார்த்ததுதான். விபத்துக்குப் பிறகு விசாரணை ஆணையம் அமைந்தது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஜூலை 30ஆம் தேதி. பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன.

கும்பகோணத்தை ஒட்டி உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரல் 13ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கு என்று அதைச் சொல்வார்கள். கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. தீயணைப்புக் கருவிகள் வேண்டும், கட்டடம் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி இருக்க வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் மாநிலத்தில் பிளே ஸ்கூல்களுக்கென்று தனி விதித்தொகுப்பு 2015இல் வந்தது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள்

இடிவதும் எரிவதும் ஊருக்கே தெரியும். காப்பகத்தில் குழந்தைகளுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி சத்தமில்லாமல் வருபவை. சுகாதாரச் சான்றின் பின்னணியை அறிய அமெரிக்காவில் 1970களின் இறுதியில் நடந்த ஆய்வுகளைப் பார்க்கலாம். தாய்மார் பெருமளவில் வேலைக்குப் போகத் தொடங்கிய, காப்பகங்கள் வேகமாகப் பெருகிய காலம் அது.

அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றிய பகுதியில் மஞ்சள் காமாலை, அதாவது ஹெபடைட்டிஸ் ஏ, அடிக்கடி பரவியது. எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனவர்கள் காப்பகங்களில் வந்து நின்றார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட, டயப்பர் கட்டும் குழந்தைகளைச் சேர்க்கும் இடங்களில்தான் நோய் அதிகம் பரவியது. அந்த வயதில் காமாலை வந்தாலும் கண் மஞ்சளாவது அபூர்வம். குழந்தை ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கும். படுத்துக்கொள்வது அதன் அப்பா, அம்மா, பார்த்துக்கொள்ளும் ஆயா. இந்த ஆய்வு 1980இல் வெளியானது. 'காப்பகத்துச் சுத்தம் அந்தக் காப்பகத்தின் விஷயம்' என்று நினைக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் இதில் செய்தி இருக்கிறது.

அதற்கு மருந்து என்ன? 1981இல் அட்லாண்டா நகரப் பகுதியில் நான்கு காப்பகங்களில் செய்த ஆய்வு பதில் சொன்னது. இரண்டு இடங்களில் ஊழியர்களும் பிள்ளைகளும் கண்டிப்பாகக் கை கழுவ ஏற்பாடு செய்தார்கள். வேலைக்கு வந்ததும், டயப்பர் மாற்றிய பிறகும், கழிப்பறை போய்வந்த பிறகும், சாப்பாட்டைத் தொடுவதற்கு முன்பும் கழுவ வேண்டும். மற்ற இரண்டு இடங்களில் வழக்கம்போல விட்டுவிட்டார்கள். கை கழுவிய இடங்களில் வயிற்றுப்போக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சோப்பும் தண்ணீரும்தான் செலவு. டயப்பர் மாற்றும் இடம் சமையல் இடத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும், அதன் அருகிலேயே குழாய் இருக்க வேண்டும் என்ற விதிகளின் பின்னே இப்படிப்பட்ட ஆய்வுகள் இருக்கின்றன.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு கதை உண்டு. நல்ல ஆரோக்கியமான கைக்குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோகும் சம்பவங்களைப் பல நாடுகளில் ஆராய்ந்தபோது, குப்புறப் படுக்க வைப்பது பெரிய காரணம் என்று தெரிந்தது. குழந்தையை மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும் என்று 1994 முதல் அமெரிக்காவில் பெரும் பிரச்சாரம் நடந்தது. இறப்புகள் பாதிக்கும் கீழே இறங்கின. ஆனால் 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, அப்படி இறந்த குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வீட்டில் இல்லாமல் பிறர் பராமரிப்பில் இருந்தபோது இறந்ததாகக் காட்டியது. அவற்றிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கு, குழந்தை சேர்ந்த முதல் வாரத்தில் நடந்தவை. வீட்டில் மல்லாக்கப் படுத்துப் பழகிய குழந்தையைக் காப்பகத்தில் பழைய வழக்கப்படி குப்புறப் போட்டதும் இதில் ஒரு காரணம். இதற்குப் பிறகு பல மாநிலங்கள் தூங்க வைக்கும் முறையையும் உரிம விதியில் சேர்த்தன. கைக்குழந்தையைச் சேர்ப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று: 'எப்படிப் படுக்க வைப்பீர்கள், தூங்கும்போது யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?'

காகிதம் சரியாக இருந்தும் எரிந்த காப்பகம்

இதுவரை சொன்னதையெல்லாம் கேட்டு, 'அப்படியானால் லைசென்ஸ் இருந்தால் போதும்' என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மெக்சிகோ நாட்டின் எர்மொசியோ நகரத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்வது அதற்காகத்தான்.

2009 ஜூன் 5ஆம் தேதி. கும்பகோணம் தொடர்பான தீர்ப்பு இங்கே வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த நகரின் ஏபிசி காப்பகத்தில் பிள்ளைகள் மதியம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அது திருட்டுத்தனமாக நடந்த இடம் இல்லை. அந்நாட்டின் சமூகக் காப்பீட்டு நிறுவனம், தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தனியாரோடு ஒப்பந்தம் போட்டு நடத்திய காப்பகங்களில் ஒன்று. விபத்துக்குச் சில நாட்களுக்கு முன்புதான் ஆய்வுக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆனால் கட்டடம் ஒரு பழைய கிடங்கு. அதை ஒட்டி, ஒரே கூரையின் கீழ், மாநில அரசு வாடகைக்கு எடுத்த இன்னொரு கிடங்கு. அதில் பழைய காகிதங்கள், கோப்புகள் குவிந்திருந்தன. தீ அந்தப் பக்கம்தான் பிடித்தது. கூரைக்கும் பொய்க்கூரைக்கும் நடுவே பரவி, உருகும் பொருளால் ஆன மேல்தளத்தை எரித்து, நெருப்பும் புகையும் குழந்தைகள் மேல் இறங்கின. அவசர வழி திறக்க முடியாமல் இருந்தது. அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். ஒருவர் தன் பிக்கப் வண்டியைச் சுவரில் மோதி ஓட்டை போட்டுக் குழந்தைகளை வெளியே எடுக்க வழி செய்தார். 49 குழந்தைகள் இறந்தார்கள். எல்லாரும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள்.

பெற்றோர்கள் விடவில்லை. தெருவில் இறங்கினார்கள், நீதிமன்றம் போனார்கள், சட்டம் எழுதச் சொல்லிப் போராடினார்கள். மெக்சிகோ உச்ச நீதிமன்றம் விசாரித்து, ஒப்பந்தம் கொடுப்பதிலும் மேற்பார்வையிலும் பரவலான ஒழுங்கின்மை இருந்ததைச் சுட்டிக்காட்டியது. 2011 அக்டோபரில் புதிய சட்டம் வந்தது. அந்தத் தேதியின் நினைவாக 'ஜூன் 5 சட்டம்' என்றே அங்கே அழைக்கிறார்கள். அதில் இரண்டு விதிகள் நமக்கு முக்கியமானவை. காப்பகத்திலிருந்து 50 மீட்டருக்குள் ஆபத்து விளைவிக்கக்கூடிய எந்த இடமும் இருக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது, அங்கே வழக்கமாக இருக்கும் எல்லாரும் சேர்ந்து வெளியேறும் ஒத்திகை நடத்த வேண்டும்.

முதல் விதியை யோசித்துப் பாருங்கள். காப்பகம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அதன் பாதுகாப்பில் பாதி பக்கத்து வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. எர்மொசியோவில் எரிந்தது பக்கத்துக் கிடங்கின் காகிதம். அடுக்ககத்தில் அந்த இடத்தில் ஜெனரேட்டர் அறை, டீசல் கேன், மின்மீட்டர் பலகை, மாடிப்படிக்கு அடியில் அடுக்கிய பழைய மெத்தை, சார்ஜ் போட்ட மின்சார ஸ்கூட்டர் ஆகியவற்றை வைத்துப் பாருங்கள்.

ஒரு ஆளுக்கு இரண்டு கைதான்

விதிகளிலேயே நடத்துபவர்களுக்கு அதிகச் செலவு வைப்பது, எத்தனை குழந்தைக்கு எத்தனை பேர் என்ற கணக்கு. மத்திய அரசு 2018இல் வெளியிட்ட கிரச் வழிகாட்டுதல்கள், மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், மூன்று முதல் ஆறு வயது வரை 20 குழந்தைகளுக்கு ஒருவர், கூடவே உதவியாளர் என்று சொல்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து 1992 முதல் வெளியிட்டு வரும் காப்பகத் தரக் கையேடு இன்னும் கடுமையானது. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கே ஒருவர் வேண்டும் என்கிறது.

இந்த எண்ணிக்கையின் காரணத்தை விளக்கப் பெரிய படிப்பு வேண்டாம். தீப்பிடித்தால் நடக்கத் தெரியாத குழந்தைகளை ஒருவர் எத்தனை பேரைத் தூக்க முடியும்? ஒரு குழந்தைக்கு டயப்பர் மாற்றிக் கை கழுவி வருவதற்குள் மற்றவர்களை யார் பார்ப்பார்கள்? ஆட்டக்காரப் பிள்ளை ஒன்று வாசலுக்கு ஓடினால், தூங்கும் பிள்ளையை விட்டுவிட்டு யார் ஓடுவார்கள்? மதியம் ஒரு ஆயா சாப்பிடப் போகும் அரை மணி நேரத்தில்தான் உண்மையான கணக்குத் தெரியும்.

கேமரா இருக்கிறது என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். 2016 நவம்பரில் நவி மும்பையின் கார்கர் பகுதியில் பத்து மாதக் குழந்தையை ஆயா அடித்தது கேமராவில் பதிவானது. அந்தக் காட்சி நாடு முழுவதும் போனது. கேமரா சாட்சி சொன்னது உண்மைதான். ஆனால் அடி விழுந்த பிறகுதான் சொன்னது. அந்த நேரத்தில் அறையில் இன்னொரு பெரியவர் இருந்திருந்தால் கை ஓங்கியிருக்காது.

நாம் செய்யக்கூடியது

இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வருவது இதுதான். விபத்துக்குப் பிறகு விதி வரும். விதி வந்த கொஞ்ச காலத்தில் அது வெறும் காகிதமாகும். மறுபடி விபத்து வரும். ஆய்வுக்கு வரும் அதிகாரி வருஷத்தில் ஒரு நாள் வருவார். அவர் கொடுக்கும் சான்று அன்றைய நிலைக்கான சான்று. மீதி நாட்களில் அந்த இடத்தைக் கடந்து போகிறவர்கள் பெற்றோரும் குடியிருப்போரும்தான்.

வளாகத்துக்குள் கிரச்சே கூடாது என்று விரட்டினால் குழந்தைகள் எங்கே போவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். தாய்மாரின் வேலை நின்றுவிடாது. பதிவில்லாத, யாரும் எட்டிப் பார்க்காத ஏதோ ஒரு வீட்டுக்குத்தான் பிள்ளைகள் போவார்கள். 1872 சட்டத்துக்குப் பிறகும் லண்டனில் நடந்தது அதுதான். கண் முன்னால், முறையான உரிமத்தோடு, நாலு பேர் பார்வையில் நடப்பது எல்லாருக்கும் நல்லது. அதற்கு நாம் நடத்துபவரிடம் கறாராகவும் இருக்க வேண்டும், உதவியாகவும் இருக்க வேண்டும்.

பெற்றோர் சேர்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை:

உரிமமும் மற்றச் சான்றுகளும் எந்தத் தேதி வரை செல்லும்? அதில் குறிப்பிட்டிருக்கும் முகவரி இதே முகவரிதானா?

அனுமதிக்கப்பட்ட குழந்தைகள் எத்தனை? இன்று இருப்பது எத்தனை? மதிய நேரத்தில் பெரியவர்கள் எத்தனை பேர்?

வெளியேற இரண்டாவது வழி உண்டா? பூட்டியிருந்தால் சாவி எங்கே? ஜன்னல் கம்பியைத் திறக்க முடியுமா?

கேஸ் அடுப்பும் சிலிண்டரும் பிள்ளைகள் இருக்கும் அறையிலிருந்து தள்ளி இருக்கின்றனவா?

டயப்பர் மாற்றும் இடத்தின் அருகே குழாயும் சோப்பும் இருக்கின்றனவா? சமையல் செய்பவரே டயப்பரும் மாற்றுகிறாரா?

கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கிறார்களா? பக்கத்தில் யார் இருப்பார்கள்?

தகவல் சொல்லாமல் பகலில் எந்த நேரத்திலும் போய்ப் பார்க்க விடுகிறார்களா? மறுத்தால் அந்த ஒரு காரணமே போதும், வேறு இடம் பார்க்கலாம்.

குடியிருப்போர் சார்பில் செய்ய வேண்டியவை இன்னும் எளிது. காப்பகத்தின் வாசலையும் நடைபாதையையும் அடைத்து வண்டி நிறுத்தாமல் இருப்பது. படிக்கட்டுக்கு அடியில் பழைய சாமான் சேராமல் பார்ப்பது. பொது இடத்துத் தீயணைப்பான்களின் தேதியைப் பார்த்து நிரப்பி வைப்பது. தண்ணீர்த் தொட்டி, சம்ப் மூடிகளைப் பூட்டுவது. காவலாளியிடம், எந்தக் குழந்தையை யார் அழைத்துப் போகலாம் என்ற பட்டியலைக் கொடுத்து வைப்பது. வளாகத்தில் தீயணைப்பு ஒத்திகை நடத்தும்போது காப்பகத்துப் பிள்ளைகளையும் ஆயாக்களையும் சேர்த்துக்கொள்வது. எத்தனை நிமிடத்தில் எல்லாக் குழந்தைகளும் வெளியே வந்தார்கள் என்று குறித்து வைத்து, அடுத்த ஒத்திகையில் அதைக் குறைக்கப் பார்ப்பது.

கும்பகோணத்தில் கீற்றை எல்லாரும் பார்த்தார்கள். எர்மொசியோவில் பக்கத்துக் கிடங்கையும் எல்லாரும் பார்த்தார்கள். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு, பதில் வரும்வரை விடாதவர் ஒருவர் வேண்டும். அடுத்த கூட்டத்தில் கிரச் பற்றிப் பேச்சு வந்தால், சத்தத்தையும் பார்க்கிங்கையும் பேசுவதோடு மேலே உள்ள பட்டியலையும் எடுத்துக்கொண்டு பேசுவோம்.